பேற்றறையிற் பேசும் சொல்

நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் தகுதி வழக்கு மூன்றினையும் மாணாக்கர்க்கு விளக்காது விடுவதில்லை. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. நன்மக்கள் நடுவே சொல்லத்தகாததை மறைத்துப் பிறிதொரு சொல்லாற் சொல்லுதல் இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாக மாற்றிச் சொல்லுதல் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு இட்டு வழங்குவது குழூஉக்குறி. முப்பது ஆண்டுகளாக இவற்றைக் கரும்பலகையில் எழுதி, கால் கழுவி வருதலையும், துஞ்சினாரையும், பொற்கொல்லரின் பறியையும் எடுத்துக்காட்டி வருகிறேன். சென்ற ஆண்டு, இம்மூன்றுக்கும் புதிய எடுத்துக்காட்டுகள் எனக்குக் கிடைத்தன. அவை கிடைத்த இடம் ஒரு பிரசவ விடுதி.

என் மூத்த மகள் சென்ற ஆண்டு தலைப்பிள்ளையைப் பெற்றாள். அரசினர் வைத்தியசாலை ஒன்றிலே பேறு நிகழ்ந்தது. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஒன்றைச் சுட்டினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். ஆடவரை உள்ளே விடமாட்டார்கள். நானும் மருமகனும் ஓரிரவு முழுதும் வெளியே வேப்பமரத்தின் கீழ் வாங்கில் இருந்தோம். விடியற்காலையிற் பேத்தி பிறந்த செய்தி வந்தது. தாயும் சேயும் நலம் என்றார்கள். மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மிளகும் மஞ்சளும் கூட்டி அரைத்த சரக்கின் மணம் ஒரு மாதம் வீட்டை நிறைத்தது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, உறவினர் உண்டு விடைபெற்ற பின்பு, விறாந்தையில் அமர்ந்திருந்தோம். மகள் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். "நோ கடுமையாய் இருந்ததோ, பிள்ளை?" என்று கேட்டேன். கேட்பதற்கு வேறொன்றும் தோன்றாமையாற் கேட்ட கேள்வி அது.

"நோ மறந்து போச்சுது, அப்பா. மிஸ்ஸி சொன்ன சொல்லுத்தான் மறக்கேல்லை" என்றாள்.

பேச்சு மொழியை ஏட்டில் ஏற்றுதல் என் வழக்கமன்று. ஆயினும் இவ்விரு வாக்கியங்களையும் செந்தமிழாக்கினால் அவை என்னுடையன ஆகிவிடும். ஆதலின் அவள் வாய்மொழியாகவே விட்டேன். என்ன சொல் என்று கேட்டேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். ஒரு மாதமாக அவ்விருவரும் அறிந்திருந்த ஒன்றை நான் அறியாதிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அன்றிரவு மனைவி எனக்குச் சொன்னார்.

இடக்கர்

அச்சொல்லை ஈண்டு எழுதேன். பிள்ளை பெற வந்தவள் நோவாற் கதறும்போது, அப்பிள்ளை கருவாகிய நாளை நினைவூட்டி, அன்று இனித்தது இன்று கசக்கிறதோ என்னும் பொருள்பட ஏசும் வசைமொழி அது என்பதோடு அமைகிறேன். பிள்ளை பெற்ற பெண்கள் பலர் அதனை உடனே அறிந்துகொள்வார்கள். இக்கட்டுரைக்காக நான் வினவிய தாய்மார் எவருக்கும் அதனை நான் முழுதும் சொல்லி முடிக்க வேண்டியிருக்கவில்லை. அவையிற் கூறத்தகாதவற்றை மறைத்துக் கூறுக என்று தொல்காப்பியரும் விதித்தார். ஏட்டில் எழுதும் எனக்கு அவ்விதி உண்டெனின், நோவிற் கிடப்பவளின் செவியருகே நிற்பவர்க்கு அது இல்லையா?

மகள் மேலும் ஒன்று சொன்னாள். அவள் பட்டதாரி ஆசிரியை. அது தெரிந்த பின்பு அவளை 'நீங்கள்' என்றார்களாம். அடுத்த கட்டிலிற் கிடந்தவள் பத்தொன்பது வயதுப் பெண். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். பாடசாலையை இடையில் விட்டவள். அவளுக்கு இறுதிவரை 'நீ' தான். காலை அகற்றி வைக்கவில்லை என்று தொடையில் அடியும் விழுந்ததாம். நீ, நீர், நீங்கள் என முன்னிலையில் மூன்று படி வைத்துப் பேசும் நம் யாழ்ப்பாணத் தமிழ், அந்த அறையில் யாருக்கு எந்தப் படி என்பதை நொடியில் தீர்த்துவிட்டது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையென்று எண்ணுதல் தவறு. உலக சுகாதார நிறுவனம் முன்னின்று கானா, கினி, மியன்மார், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2019ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. பேற்றின்போது உடனிருந்து நோக்கப்பட்ட 2,016 பெண்களுள் 838 பேர் அடியோ, ஏச்சோ, இழிவோ, பாகுபாடோ பட்டனர். பிள்ளை பிறப்பதற்கு முந்திய முப்பது நிமிடமும் பிந்திய பதினைந்து நிமிடமுமே அடியும் ஏச்சும் மிகுந்த நேரம். அதாவது, அப்பெண் தன் வாழ்நாளில் மிகவும் தளர்ந்து கிடந்த முக்கால் மணி நேரம். மிகுதியாகப் பட்டவர்கள் யார்? பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களும் கல்வி பெறாதவர்களும். என் மகளுக்கும் அடுத்த கட்டிற் பெண்ணுக்கும் இடையே நான் கேட்ட வேறுபாட்டினை, கடல் கடந்த நாடுகளின் கணக்கு மெய்ப்பித்தது.

குழூஉக்குறி

பிரசவ விடுதியில் என் மகளுக்குப் பெயர் இல்லை; எண் இருந்தது. "பதினொன்றைக் கொண்டு வா", "பதினொன்று இன்னும் ஆகவில்லை" என்று சொன்னார்களாம். எண்ணானது எண்ணப்படும் பொருளுக்கு ஆகிவருதல் எண்ணலளவை ஆகுபெயர் என்று வகுப்பிற் சொல்லிக்கொடுக்கிறேன். ஆயின் அப்பொருள் இங்கு ஓர் உயிர். உயர்திணையாளை எண்ணாற் சுட்டியவுடன் வினையும் அஃறிணையாய் முடிகிறது. 'வந்தாள்' என்பது 'வந்தது' ஆகிறது. இலக்கணப் பிழைகளுள் திணைவழுவே பெரிதென்பேன். அதற்குக் காரணம் இப்போதுதான் எனக்கு முழுதும் விளங்குகிறது.

வைத்தியர்கள் கட்டிலருகே நின்று தமக்குள் ஆங்கிலத்திற் பேசிக்கொண்டார்கள். பயிலும் மாணவர் ஒருவர் பின் ஒருவராக வந்து பரிசோதித்தார்கள். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. செய்யலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கற்கத்தான் வேண்டும். ஆயினும் கற்கும் சுவடி தாயின் உடம்பாயிருக்கும்போது, அதனைத் திறக்குமுன் கேட்பது மரியாதை மட்டுமன்று, அறமுமாம். 2010ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் இருவர் இத்தகைய இன்னல்களை ஏழாக வகுத்தனர்: உடலைத் துன்புறுத்தல், இசைவின்றிச் செய்தல், மறைவு காவாமை, மானங்கெடப் பேசுதல், பாகுபாடு காட்டல், தனியே கைவிடுதல், கட்டணத்துக்காகத் தடுத்து வைத்தல் என. நம் நாட்டின் அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணம் இல்லாமையால் ஏழாவது நமக்கு இல்லை. ஏனைய ஆறும் இல்லையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மொழியறியாத தாய்க்கு இத்துன்பம் இரட்டிப்பாகும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் தமிழ் மட்டுமே அறிந்த தோட்டப்புறத் தாய்க்கு, முக்கு என்பதும் முக்காதே என்பதும் விளங்காத மொழியிற் சொல்லப்படும் பேற்றறைகள் இன்னும் உண்டு. விளங்காமையால் அவள் பிழை செய்கிறாள். பிழை செய்ததற்காக ஏச்சு வாங்குகிறாள்.

ஒரு குழு தன் குறியை மட்டும் நம்பித் தாயின் சொல்லைக் கேளாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு வியன்னா நகரத்து வரலாறு சான்று. அந்நகரின் பெரிய வைத்தியசாலையில் இரண்டு பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் வைத்தியமாணவர் பயின்றனர். இரண்டாவதில் மருத்துவிச்சிகள் பயின்றனர். 1846ஆம் ஆண்டு முதற் பிரிவில் நூற்றுக்குப் பதினொருவர் அளவில் சூதிகா சுரத்தால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் மூவருக்கும் குறைவு. நகரத்துப் பெண்கள் இதனை அறிந்திருந்தார்கள். முதற் பிரிவில் இடாதீர்கள் என்று முழந்தாளிட்டுக் கெஞ்சினார்கள். பெண்களின் வீண் அச்சமென்று அதனைத் தள்ளினர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் ஒருவரே அவ்வச்சத்துக்குக் காரணம் தேடினார். பிணங்களை அறுத்துச் சோதித்த மாணவர் அதே கையோடு தாய்மாரைத் தொடுவதைக் கண்டார். 1847ஆம் ஆண்டு, குளோரின் கலந்த சுண்ணநீரிற் கைகழுவிய பின்பே தாயைத் தொடவேண்டும் என்று விதித்தார். அடுத்த ஆண்டில் இறப்பு நூற்றுக்கு இருவருக்கும் கீழே இறங்கிற்று. மூத்த வைத்தியர் பலர் அவரை ஏற்கவில்லை. 1865இல் ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தார். தாய்மார் சொன்னது மெய்யென்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்குப் பின்னரே.

அதே 1847ஆம் ஆண்டில்தான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் தங்கி வைத்தியம் செய்யத் தொடங்கியவர், நம்மவருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று வைத்திய நூலொன்று அவர் முயற்சியால் 1857இல் தமிழாயிற்று. நோயாளியின் மொழியிலேயே வைத்தியன் கற்கவேண்டும் என்று அவர் துணிந்ததனை, கலைச்சொல்லாக்கத்தின் வரலாறாக மட்டும் நாம் போற்றி வருகிறோம். கட்டிலிற் கிடப்பவளோடு வைத்தியன் பேசவேண்டும் என்பது அதனுள் அடங்கிய கருத்து. அதனைக் கைவிட்டுவிட்டோம்.

மங்கலம்

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளிய இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கிற்று. துணைக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டாள். இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. சிறுவயது முதல் இக்கதையைக் கேட்டு வருகிறேன். இறைவனின் எளிவந்த தன்மைக்குச் சான்றாகச் சொற்பொழிவுகளிலும் சொல்லியிருக்கிறேன். கதையில் வேறொன்றும் உண்டு. அப்பெண்ணுக்கு வேண்டியது யாதென்று இறைவன் எண்ணிப் பார்த்தான். பேரொளியாய்த் தோன்றி நோவைப் போக்கியிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. தெரிந்த முகமாக வந்து கட்டிலருகே நின்றான்.

தெரிந்த முகத்தின் பயனை இன்று மருத்துவ அறிவியலும் எண்ணிட்டுச் சொல்கிறது. 1980ஆம் ஆண்டு குவாத்தமாலா நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், பேற்றுநோவின்போது இடைவிடாது ஒரு பெண் துணையிருந்த தாய்மார், துணையின்றி இருந்தவர்களைவிட விரைவிற் பிள்ளை பெற்றனர். பின்னர் 2017இல் பதினேழு நாடுகளைச் சேர்ந்த பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகள் ஒருங்கே தொகுத்து நோக்கப்பட்டன. துணை பெற்றவர்களுக்கு இயல்பான பேறு கூடிற்று, சத்திரசிகிச்சை குறைந்தது, நோவின் காலமும் சுருங்கிற்று. இத்துணைக்கு மருந்துமில்லை, பொறியுமில்லை. கையைப் பற்றி நல்ல சொற் சொல்லும் ஒருத்தி போதும்.

2018ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பேற்றுக்காலப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகளை வெளியிட்டது. தாய் விரும்பும் ஒருவர் உடனிருத்தல், அவள் எழுந்து நடமாடுதல், உண்ணலும் பருகலும், தனக்கு இசைந்த நிலையிற் பெறுதல், செய்வதை அவளுக்கு விளக்குதல் ஆகியன அவற்றுட் சில. எல்லாத் தாய்மாருக்கும் வழக்கமாக வாயிலை அறுத்துத் தைத்தலும், வயிற்றை அழுத்திப் பிள்ளையைத் தள்ளுதலும் வேண்டா என்றும் அது சொல்கிறது. ஒரு மணிக்கு ஒரு சதமமீற்றர் வாயில் விரியவேண்டும் என்ற பழைய அளவுகோல், பிந்துகின்றாள் என்று ஒருத்தியைப் பழிப்பதற்கு உரியதன்று என்பதும் அதனாற் பெறப்படும்.

தமிழ் இதனை முன்னமே அறிந்திருந்ததோ என்று சிலபோது எண்ணுகிறேன். வலி என்னுஞ் சொல்லுக்கு நோவு என்பதும் பொருள். வலிமை என்பதும் பொருள். வள்ளுவர் வலியறிதல் என்று ஓரதிகாரம் வைத்தார். அங்கு வலி ஆற்றலைக் குறிக்கும். பேற்றறையில் தாய்க்கு எழுவது இவ்விரண்டுமாகிய வலி. அருகில் நிற்பவர் அதனை நோவென்று மட்டும் கண்டால் இரங்குவார் அல்லது எரிச்சலுறுவார். ஆற்றலென்றும் கண்டால் வணங்குவார்.

ஒரு மாணவியின் கேள்வி

மகள் சொன்னதைக் கேட்ட வெப்பத்தில், சுகாதார அதிகாரிக்கு ஒரு முறைப்பாட்டு மடல் எழுதினேன். அனுப்புமுன், என்னிடம் தமிழ் கற்று இன்று வேறொரு வைத்தியசாலையில் மருத்துவமாதாகப் பணிபுரியும் பெண்ணொருத்தியை வீட்டுக்கு அழைத்து வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டாள். மறுக்கவில்லை. பின்பு தன் பக்கத்தைச் சொன்னாள்.

இரவுக் கடமையில் ஒருத்தி பல தாய்மாரைப் பார்க்கவேண்டியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரும் தாதியரும் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். ஒரு குழந்தையின் நாடித்துடிப்புக் குறையும்போது அடுத்த கட்டிலில் ஒருத்திக்கு இரத்தம் போகத் தொடங்கும். ஒரு தாய் இறந்தால் விசாரணை. ஏசினால் விசாரணை இல்லை. இவற்றையெல்லாம் அவள் நிறைகுறையின்றிச் சொன்னாள். அவள் சொன்னதிலும் உண்மை உண்டு. 1930களில் இலட்சம் பிறப்புக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு இது. இன்று அவ்வெண்ணிக்கை சில பத்துக்களில் நிற்கிறது. 1879இல் கொழும்பில் எழுந்த டி சொய்சா பேற்றில்லமும், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், துவிச்சக்கரவண்டியில் ஊரூராய்த் திரிந்த மருத்துவமாதரும் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. என் மகளும் பேத்தியும் உயிரோடிருப்பது அவ்வெற்றியினால்தான். இதனை மறந்து பேசுபவன் நன்றி கொன்றவன் ஆவான்.

இறுதியில் அவள் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, கோபிக்கக் கூடாது. நாங்கள் படிக்கவேண்டும் என்றுதானே அந்நாளில் எங்களுக்குப் பிரம்பெடுத்தீர்கள்? பிள்ளை உயிரோடு வரவேண்டும் என்றுதான் நாங்களும் சத்தம் போடுகிறோம். அது பிழையென்றால், நாங்கள் எங்கே கற்றோம்?"

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஏழாம் வகுப்பில் வல்லினம் மிகும் இடங்களைப் பிழையாகச் சொன்னதற்காக அவள் கையில் நான் அடித்தது அவளுக்கு நினைவிருந்தது, எனக்கு நினைவில்லை. அடித்தவன் மறப்பான் என்பதும் அடிபட்டவர் மறவார் என்பதும் மகள் விறாந்தையிற் சொன்னதன் மறுபுறம் அல்லவா? நன்மைக்காகச் செய்யும் கடுமை கடுமையாகாது என்பதை அவள் எந்தத் தாதியர் கல்லூரியிலும் கற்கவில்லை. என் வகுப்பறையிற் கற்றாள். ஒருவன் அஞ்சினாற்றான் ஒழுங்காகச் செய்வான் என்னும் பாடத்தை, நன்னூலோடு சேர்த்து, முப்பது ஆண்டு நான் கற்பித்திருக்கிறேன்.

பிரம்பை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆயின. சுற்றுநிருபம் வந்தமையால் விட்டேனேயன்றி மனம் மாறி விட்டேனல்லேன். நாவினால் அடிப்பதை அதன் பின்னும் விடவில்லை. அதனை அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

மடலை நான் கிழிக்கவில்லை. திருத்தி எழுதினேன். ஏசியவரைத் தண்டிக்கவேண்டும் என்றிருந்த பந்தியை நீக்கினேன். கட்டிலின் தலைப்பில் எண்ணோடு பெயரும் எழுதுக, தாய்க்கு ஒரு பெண் துணையை உள்ளே விடுக, கட்டில்களுக்கிடையே திரையிடுக, தொடுமுன் சொல்லுக, இரவுக் கடமைக்கு ஆளைக் கூட்டுக, புதியவர் பயிலும்போது பேச்சையும் ஒரு கலையாகப் பயிற்றுக என்று ஆறு வேண்டுகோள்களை எழுதினேன். மாணவியும் படித்துப் பார்த்து, ஐந்தாவதை முதலாவதாக்கச் சொன்னாள். அவ்வாறே மாற்றினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.

ஆசிரியத் தொழிலிலுள்ள அன்பர்க்கு ஒரு சொல். நாளைய தாதியும் மருத்துவமாதும் வைத்தியரும் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள். அதிகாரம் உள்ளவர் இல்லாதவரோடு எவ்வாறு பேசுவார் என்பதை அவர்கள் முதன்முதற் காண்பது நம்மிடத்திலேதான்.

இறுதியாக ஒருவரைப் பற்றி. அந்த இரவில், தரையைத் துடைக்க வந்த சிற்றூழியர் ஒருவர், நீர்த்துணியைக் கீழே வைத்துவிட்டு, "என்ரை கையைப் பிடி, பிள்ளை, இன்னும் கொஞ்சந்தான்" என்று என் மகளுக்குக் கை கொடுத்தாராம். பிள்ளை பிறக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. மங்கலம் என்பதற்கு இனி வகுப்பில் இதனையே எடுத்துக்காட்டுவேன். நாற்பத்தைந்தாம் நாள் அவருக்கு ஒரு சேலையும் பலகாரமும் கொண்டு சென்றோம். அன்று அவருக்கு விடுப்பு என்றார்கள். எந்த அம்மா என்று பெயர் கேட்டார்கள். மகளுக்குத் தெரியவில்லை. எண்ணால் அறியப்பட்டவளைப் பிள்ளை என்றழைத்தவரின் பெயரை நாங்களும் கேட்க மறந்திருந்தோம். சேலை இன்னும் வீட்டில் இருக்கிறது. அடுத்த கிழமை மீண்டும் போவோம்.